தோலில் செய்த நட்சத்திரம்

போன மாதம் ஒரு இளம் மோட்டார் வாகன ஆய்வாளர் என் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு வேன். சக்கரத்துக்குள் நீலம், கதவு ஓரத்தில் ஊதா, முகப்பில் ஒரு சிவப்பு ஒளி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, போன வேகத்தில் திரும்பி வருகிறது. கீழே ஒரு வரி: "சார், உங்க காலத்துல இந்தப் பேஜாரெல்லாம் இருந்திருக்காது, இல்ல?"

இருந்தது தம்பி என்று பதில் அடிக்கத் தொடங்கினேன். என் விரல் எப்போதும் என் புத்திக்கு முன்னால் ஓடுகிற விரல். பத்து வரி போன பிறகுதான், எனக்குச் சொல்ல வேண்டியது கைபேசியில் அடங்காது என்று தெரிந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விளக்கு என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். வீட்டில் டார்ச் லைட் வாங்கினால் அதை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தது இயற்கை. பிறகு கொஞ்ச காலம் ஒரு பட்டறை, பிறகு தேர்வு, பயிற்சி. அதில் விவரிக்க ஒன்றுமில்லை. எல்லோரும் படித்ததைத்தான் நானும் படித்தேன், எல்லோரையும்விட வேகமாக மறந்தேன். மறக்காதது மின்சாரப் பாடம் ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை வேலூர் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போனேன். ஜனங்கள் எங்களை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். அந்தப் பெயர் கிடைக்கப்போகிற பெருமையில் என் மோட்டார் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன் மட்கார்டின் மேல் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன விளக்கு. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் பச்சை. டாங்குக்குக் கீழே நீலம். பிரேக் பிடித்தால் பச்சை அணைந்து நீலம் எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயரோடு மல்லுக்கட்டி நானே செய்த வேலை அது.

அலுவலக வாசலில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் நின்றிருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கையில் கறுப்புக் குடை. என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம் எல்லா விளக்கையும் போடுங்க ஐயா."

போட்டேன். அவர் குடையை விரித்து, மட்கார்டு விளக்கின் மேல் கவிழ்த்து, குடைக்குள் தலையை விட்டுக் குனிந்துகொண்டார். பழைய போட்டோகிராபர்கள் துணிக்குள் தலையை விடுவார்களே, அப்படி. வெயிலில் விளக்கு எரிவது தெரியாது இல்லையா? குடை போட்டால் அந்த இடம் மட்டும் இருட்டாகிவிடும். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

குடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இந்தச் சிவப்பு யார்கிட்ட பேசுது?"

எனக்குப் புரியவில்லை. "பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும்தான் சார்."

"அப்படின்னா யார்கிட்டயும் பேசல." வெளியே வந்து குடையை மடக்கினார். "பின்னால எரியற சிவப்பு, பின்னால வர்றவர்கிட்ட பேசுது. முன்னால எரியற வெள்ளை, எதிர்ல வர்றவர்கிட்ட பேசுது. இது சும்மா சத்தம் போடுது. நீங்க யாரு ஐயா?"

"புதுசா வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் சார்."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. "வாங்க, வாங்க. உள்ள மூலையில ஸ்குரூட்ரைவர் இருக்கு. இதையெல்லாம் கழட்டிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

அவர்தான் ஞானமுத்து சார். என் மேலதிகாரி.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் நாங்கள் தருகிற சான்றுக்கு எஃப்.சி. என்று பெயர். அந்தச் சோதனை பாலாற்றுப் பக்கம் ஒரு பொட்டலில் நடக்கும். லாரிகள் வரிசையாக நிற்கும். எதில் புளி வந்தது, எதில் பதனிடாத உப்புத் தோல் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே வாசனையில் சொல்லிவிடலாம். ஞானமுத்து சார் லாரியை மெதுவாக ஒரு சுற்று வருவார். பிரேக், ஸ்டியரிங், டயர், ஆரன். விளக்குக்கு வரும்போது நடை இன்னும் மெதுவாகிவிடும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசாதபடி ஹெட்லைட்டின் மேல் பாதியில் கறுப்பு பெயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணாடியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு குடை. ஒவ்வொரு விளக்குக்கும் குடை. ஒரு லாரிக்கு அவர் எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் மூன்று லாரி பார்த்துவிடுவேன். நான் பார்த்ததில் இரண்டை அவர் மறுபடியும் பார்ப்பார்.

யாராக இருந்தாலும் அவருக்கு 'ஐயா'தான். முதலாளிக்கும் ஐயா, கிளீனருக்கும் ஐயா. கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இறங்கி இறங்கி உதடு மட்டும் அசைகிற நிலைக்கு வந்துவிட்டால் அந்த வண்டிக்கு அன்று எஃப்.சி. இல்லை. டிரைவர்கள் என்னைப் பார்ப்பார்கள். "சார் இன்னா சொல்றாரு?" நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

விளக்கைப் பற்றிய விதி நீளமானது. சாரம் சின்னது. வண்டியின் முன்னால் சிவப்பு தெரியக் கூடாது. பின்னால், நம்பர் பிளேட் விளக்கு மாதிரி சிலது போக, சிவப்பைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. ஆனால் எங்கள் ஜில்லா லாரிகளைப் பார்த்தால் விதி எழுதியவர் மயங்கி விழுந்திருப்பார். ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் பல்பு பொங்கல் வரைக்கும் அவிழாது. சாமி படத்தைச் சுற்றி ஒரு வரிசை, மேலே பிறை வடிவில் பச்சை, பம்பரில் மஞ்சள். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் எல்லாம் ஒரு கோணியில் கட்டி சீட்டுக்கு அடியில் போய்விடும். சான்று வாங்கி வெளியே போனதும் எதிர் டீக்கடையில் நிறுத்தி மறுபடி மாட்டிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். டீ விற்பதைவிட ஸ்குரூட்ரைவர் இரவல் கொடுப்பதுதான் அந்தக் கடையில் ஜாஸ்தி என்று நாங்களே கிண்டல் செய்வோம்.

எனக்கு அந்த அலங்காரமெல்லாம் உள்ளுக்குள் பிடிக்கும். கழற்றச் சொல்லிக்கொண்டே, இதை எப்படி வயர் பண்ணியிருக்கிறான் என்று எட்டிப் பார்ப்பேன். விதி என்பது யாரோ விளக்குப் பிடிக்காதவர்கள் எழுதியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா வளைவில் ஒரு மாட்டு வண்டியைப் பார்க்கும் வரை.

விளக்கு வைக்கிற நேரம். வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. மாடு பிழைத்துவிட்டது, வண்டிக்காரருக்கு முழங்கை சிராய்ப்பு. எதிரே வந்த லாரி ஓரமாக நின்றிருந்தது. ஹெட்லைட் இன்னும் போட்டிருக்கவில்லை. அதன் நெற்றியில் வரிசையாகச் சிவப்பு பல்பு. வண்டிக்காரர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "செவப்பு தெரிஞ்சுது சாமி. நமக்கு முன்னாடி போற வண்டின்னு நெனச்சு அது பின்னாலயே ஓட்டினேன். அது நம்மள பாத்து வருதுன்னு கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது." ஞானமுத்து சார் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி நின்றார். அன்றிலிருந்து முன்பக்கச் சிவப்பைக் கழற்றுவதில் எனக்குத் தயக்கம் வந்ததில்லை.

அதனால்தான் சாலமோனின் லாரி என்னை அவ்வளவு படுத்தியது.

சாலமோன் ஆம்பூர் ஜமால் பாயின் லாரி டிரைவர். மெட்ராஸ் பெரியமேட்டிலிருந்தும் அதற்கு அந்தாண்டை ஆந்திரா பக்கமிருந்தும் உப்புத் தோல் ஏற்றி, தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளுக்குக் கொண்டுவருவார். எஃப்.சி.க்கு வண்டி வந்தபோது பாயும் கூட வந்திருந்தார். வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, ஐந்து முனையுள்ள ஒரு சிவப்பு நட்சத்திரம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கம்பியில் கட்டிய சட்டம். அதன் மேல் ஆட்டுத் தோலை மெல்லிசாகச் சுரண்டி, ஈரத்தோடு இழுத்துத் தைத்து, காயவிட்டுச் சாயம் ஏற்றியிருந்தார்கள். விரலால் சுண்டினால் உடுக்கை மாதிரி ஒலித்தது. உள்ளே பல்பு. எனக்கு வேலை மறந்துவிட்டது.

"யாரு செஞ்சது?"

"நம்ம வீட்ல சார். எஸ்தர். டேனரியில வேல செய்றா."

"மழை பெய்தா என்ன ஆகும்?"

"ஊதிப் போய் தொளதொளன்னு தொங்கும் சார். காஞ்சா திரும்ப வெறச்சுக்கும். அது பரவால்ல. வாணியம்பாடி நாய்ங்கதான் பேஜார். கறிக்கடைன்னு நெனச்சுக்கிட்டு, வண்டிய நிறுத்தினா பானட் மேல ஏறப் பாக்குதுங்க."

ஜமால் பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே முறையிட்டார். "நான் சொன்னேன் சார், போடறது போடறே, பச்சையா போடுடான்னு. கேக்கல."

"பச்சையா இருந்தாலும் கழட்டத்தான் சொல்லியிருப்பேன் பாய்," என்றார் ஞானமுத்து சார். சாலமோனைப் பார்த்து, "கழட்டிடுங்க ஐயா."

சாலமோன் ஏறி, பக்குவமாகக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினார். பிறகு ஒரு காரியம் செய்தார். அந்த மைதானத்தின் சரித்திரத்தில் யாரும் செய்யாதது.

"சார், எஃப்.சி. முடிஞ்சதும் இத திரும்ப மாட்டிக்கட்டுங்களா?"

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத போய் கேப்பாங்களாடா?"

ஞானமுத்து சாரின் குரல் இறங்கத் தொடங்கியது. கோபத்தில் இல்லை, சங்கடத்தில். "கேட்டுட்டீங்களே ஐயா. கேட்டப்புறம் நான் சரின்னு சொல்ல முடியாதே."

சாலமோன் துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எஸ்தருக்குக் காது கேக்காது சார். சின்ன வயசுல ஜுரம் வந்து போய்டுச்சு. மாதனூர் பக்கம் ரோட்டோரமா வீடு. தோல் ஏத்தின வண்டிய அங்க நிறுத்த முடியாது. நாத்தம் தாங்காம ஜனங்க சண்டைக்கு வருவாங்க, டேனரியில வேற காத்துனு இருப்பாங்க. வீட்ட தாண்டித்தான் போவணும். ஆரன் அடிச்சா அவளுக்குக் கேக்காது. இந்த நட்சத்திரத்த பாத்தா, ஆள் உசுரோட வந்துட்டான்னு வெந்நீர் அடுப்ப மூட்டுவா. இறக்கிட்டு நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள தண்ணி காஞ்சிருக்கும். குளிக்காம என்ன உள்ள விட மாட்டா சார், அந்த நாத்தத்துல."

யாரும் சிரிக்கவில்லை. ஞானமுத்து சார் குடையின் வளைந்த பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் அந்தப் பள்ளிகொண்டா மாடு வந்து போனதோ என்னவோ.

"மாட்டக் கூடாது ஐயா," என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"சரிங்க சார்," என்றார் சாலமோன். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மற்றவர்கள் டீக்கடையில் நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வண்டி நிற்காமல் போனது.

கொஞ்ச நாள் கழித்து ஆம்பூரில் ஒரு வேலை முடித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வேலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். மாதனூர் தாண்டும்போது எதிர்ப்பக்கம் ஒரு பெண் ரோட்டின் விளிம்பில், விளிம்பு என்றுகூடச் சொல்ல முடியாது, தாரின் மேலேயே நின்று, வேலூர்ப் பக்கமிருந்து வருகிற லாரிகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி வந்தது. அந்தம்மா நம்பரைப் படிக்க இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தார். லாரிக்காரன் நீளமாக ஆரன் அடித்தான். நகரவில்லை. மறுபடி அடித்தான். அந்தம்மாவின் கண் நம்பர் பிளேட்டிலேயே இருந்தது. டயர் தேயும் சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. லாரி ஒடித்துத் திரும்பி, புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

டிரைவர் இறங்கி வந்தான். வரும்போதே வாய் நிற்கவில்லை. "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? எத்தினி வாட்டி அடிக்கிறேன், செவிடா நீ?"

அந்தம்மா அவன் உதட்டைக் கவனமாகப் படித்துவிட்டு, "ஆமா," என்றார்.

அவன் திரும்பிப் போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

பிறகு என் காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். காது போன பிறகு தன் குரலின் அளவு தெரியாமல் பேசுகிற பேச்சு, உரத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல். "நட்சத்திரத்த புடுங்கின சாரா?"

"நான்... ஆமா அக்கா."

"மூஞ்சிய இப்படித் திருப்பிப் பேசுங்க. தரையப் பாத்துப் பேசினா எனக்கு இன்னா தெரியும்?"

வீடு பத்தடி தள்ளி இருந்தது. உட்காரச் சொல்லி ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார். அவர் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்து, விதியையும் மாட்டு வண்டியையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார், அதாவது பார்த்தார்.

"நீங்க சொல்றது நாயம்தான். மாடு பொழச்சுதா?"

"பொழச்சுது."

"நல்லது. எனக்கு எந்த லாரியப் பாத்தாலும் இப்ப அவர் லாரி மாதிரியே இருக்குது. எல்லாத்துக்கும் ரெண்டு கண்ணு, எல்லாம் ஒரே தூசி. நம்பர் படிக்கக் கத்துக்கினேன். கிட்ட போனாத்தான் தெரியுது."

"வீட்டிலயே இருந்தா அவரே வந்துடுவார் இல்ல?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "போன வாட்டி ரெண்டு நாள் லேட்டு. நெல்லூர் பக்கம் ஆக்சில் ஒடஞ்சு நின்னுட்டாராம். அந்த ரெண்டு நாள் நான் இன்னா செஞ்சேன்னு உங்களுக்குச் சொன்னா நீங்க இந்த டின்னுல உக்கார மாட்டீங்க."

நான் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வாசலிலிருந்து எந்த லாரியின் முகமும் தெரியவில்லை. வரிசையாக நிற்கும் புளியமரங்கள் மறைத்துவிடுகின்றன. முகத்தைப் பார்க்கத்தான் அவர் ரோட்டுக்குப் போகிறார்; நட்சத்திரம் இருந்தவரை ஓரத்தில் நின்றாலே போதுமாக இருந்திருக்கும். வாசலுக்கு நேரே வரும்போது தெரிவது லாரியின் விலாதான். ஆம்பூர் போகிற வண்டியின் இடப்பக்கம். கிளீனர் பக்கத்துக் கதவு.

இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் ஞானமுத்து சார் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வாசலில் மறித்தேன்.

"முதல்ல மூச்சு விடுங்க ஐயா," என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். டயர் தேய்ந்த இடம் வந்தபோது அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். நட்சத்திரத்தைக் கதவுப் பக்கம் வைக்கலாம் என்றதும் முகம் இறுகியது.

"விதியில ஓட்டை தேடறீங்க."

"இல்ல சார். நீங்க கேக்கற கேள்விக்குப் பதில் தேடறேன். யார்கிட்ட பேசுதுன்னு கேப்பீங்க இல்ல? ஜில்லாவில ஓடற எல்லா வண்டியிலயும் இருக்கிற அலங்கார விளக்கு சும்மா சத்தம் போடுது. இது ஒண்ணுதான் ஒரே ஒரு ஆள்கிட்ட பேசுது. அவங்க முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. பக்கத்துல இருக்காங்க."

அவர் குடையைத் தரையில் ஊன்றி அதன் பிடியையே பார்த்தார். நான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனோ என்று பயந்துவிட்டேன்.

"எதிர்ல வர்றவருக்கோ பின்னால வர்றவருக்கோ ஒரு பொட்டு தெரிஞ்சாலும் நானே கழட்டிடுவேன்."

"சரி சார்."

"சிவப்பு கிடையாது."

"சரி சார்."

"மினுக்கக் கூடாது."

அது என் மனசில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "சரி சார்."

அடுத்த சில வாரங்கள் நான் அலைந்த அலைச்சலைப் பார்த்து ஜமால் பாய், "தோஸ்த், நீ இன்ஸ்பெக்டரா, நம்ம வண்டிக்கு கிளீனரா?" என்று கேட்டார். விளக்கைச் சுற்றி முதலில் ஒரு தகரப் பெட்டி செய்தேன். ஞானமுத்து சார் லாரிக்கு முன்னால் போய், ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்று, பெட்டிக்கு மேல் குடையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "இங்க நின்னா தெரியுது ஐயா." பெட்டியை ஆழமாக்கினேன். அது மெட்ராஸ் போய் வருவதற்குள் ஆட்டத்தில் விட்டுப்போய்விட்டது. இன்னொன்று செய்தேன். ஒரு மரக்கிளை அதைச் சப்பையாக்கிவிட்டது.

காட்பாடி ரயில்வே ஸ்டேஷனுக்கு யாரையோ வழியனுப்பப் போனவன், ஜட்கா குதிரைக்கு எதிரே மரம் மாதிரி நின்றுவிட்டேன். குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் தோல் பட்டை. பக்கம் பார்க்காமல் நேரே பார்க்கக் கட்டியது. எனக்கு வேண்டியது அதேதான், மாற்றிப்போட்டு: என் விளக்கு நேரே பார்க்காமல் பக்கம் மட்டும் பார்க்க வேண்டும். தோல் என்றால் ஆட்டத்தில் விடாது. கிளை இடித்தால் வளைந்து நிமிரும். வழியனுப்பப் போனவரிடம் சொல்லிக்கொண்டேனா என்பது நினைவில்லை. நேரே மாதனூர் போய்விட்டேன்.

எஸ்தர் நான் வரைந்து காட்டியதைப் பார்த்தார். "குதிரைக் கண்பட்டை," என்றார். "இத சொல்லவா இவ்ளோ படம் போட்டீங்க?" டேனரியில் கழித்துப் போட்ட கெட்டி எருமைத் தோலை ஈரத்தில் வளைத்து, ஒரு குடுவையின் மேல் கட்டிக் காயவைத்து, தேர் மாதிரி உறுதியாக ஒரு மூடி தைத்துவிட்டார். உள்ளே புதிய நட்சத்திரம். சிவப்பு கூடாது என்றதும் வேறு சாயம் எதையும் தொடவில்லை. "தோல் நெறமே இருக்கட்டும்," என்றார்.

மைதானத்தில் லாரி நின்றது. ஞானமுத்து சார் முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். கடைசியாகக் கதவுப் பக்கம் வந்து, குடையை விரித்துக் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டார். வெளியே வரவில்லை. சாலமோன் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். மற்ற லாரிக்காரர்கள் எல்லோரும் ஆரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தார்.

"நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா சார்?"

"அது உங்ககிட்ட பேசல ஐயா," என்று குடையை மடக்கிவிட்டார். "மைதானத்துல பார்த்தா போதாது. ரோட்டுல பார்க்கணும். அப்புறம்தான் இந்த விளக்குக்குக் கையெழுத்து."

லாரி மெட்ராஸிலிருந்து திரும்புகிற நாளில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாங்கள் இருவரும் மாதனூரில் நின்றோம். எஸ்தரிடம் வாசலை விட்டு இறங்கக் கூடாது என்று நான் முகத்துக்கு நேரே நின்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஞானமுத்து சார் ஆம்பூர்ப் பக்கம் தள்ளிப் போய், வீட்டுக்கு எதிர்ப்பக்க ரோட்டோரத்தில் நின்றார், எதிரே வருகிறவருடைய இடத்தில். என்னையும் அதே ஓரத்தில் வேலூர்ப் பக்கம் நிறுத்தினார், பின்னால் வருகிறவனுடைய இடத்தில். நடுவில் அந்த வீடு. மழை இல்லை. அவர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பது தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது.

பல லாரிகள் போயின. ஒவ்வொரு தடவையும் எட்டி எட்டிப் பார்த்தேன். வழியில் பல்பு போயிருந்தால்? வயர் அறுந்திருந்தால்? இன்றைக்கும் ஆக்சில் உடைந்திருந்தால்? எஸ்தர் பொறுக்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டால்? காற்றில் உப்புத் தோல் நாற்றம் முதலில் வந்தது. அப்புறம் ஜமால் பாயின் லாரி என்னைத் தாண்டியது. எனக்குத் தெரிந்தது பின்னால் எரிந்த சிவப்பு விளக்குதான். வேறு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அது அந்த வாசலைக் கடந்து, ஞானமுத்து சாரைக் கடந்து, ஆம்பூர்ப் பக்கம் போய் மறைந்துவிட்டது.

அவர் மெதுவாக நடந்து வந்தார். நானும் நடந்தேன். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் சந்தித்துக்கொண்டோம்.

"எனக்கு ஒண்ணும் தெரியல ஐயா," என்றார்.

"எனக்கும் தெரியல சார்."

விளக்கு எரிந்ததா இல்லையா என்றே எங்களில் யாருக்கும் தெரியாது. வாசலில் எஸ்தர் இல்லை.

வீட்டின் பக்கவாட்டில், தட்டி மறைப்புக்கு மேலே, முதலில் கொஞ்சமாக, பிறகு திரண்டு, வெந்நீர் அடுப்பின் புகை எழுந்தது.

ஞானமுத்து சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.